சிஸ்டர் ஒத்துக்கொள்ளாத சைபர்

வேதக்கோயில் ஒலிபெருக்கி முதலில் கரகரத்தது. பிறகு அந்த அம்மாவின் குரல் தெளிவாக வந்தது. “கோவத்தில அந்தப் பிள்ளையின்ர கையில கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைச்சனான். ஆண்டவரும் ஊரும் என்னை மன்னிக்கவேணும்.” ஞாயிறு பூசை முடிந்திருந்தது, ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மின்சாரம் இல்லாத காலம் அது. பெருநாளுக்கென்று ஒளித்து வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றி, அன்றைக்கு இதற்காகவே ஜெனரேற்றரை இயக்கியிருந்தார்கள். கோபுரத்தில் கட்டியிருந்த குழாய் கடலைப் பார்த்து இருந்ததால், பூசைக்கு வராமல் கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களுக்கும் வார்த்தைக்கு வார்த்தை கேட்டது என்று பிறகு சொன்னார்கள். கேட்காதவர் அந்த ஊரில் கைக்குழந்தைகள் மட்டும்தான். அப்படி ஊரே கேட்ட அந்த உண்மையை எங்கள் அரசாங்கக் கந்தோர் அடுத்த வாரம் ‘நிரூபணமாகவில்லை’ என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பியது. இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. வயது போனால் கோபம் ஆறும் என்பார்கள். என் விஷயத்தில் அது பொய்.

நான் பள்ளிமுனைக்காரி. யுத்த காலத்தில் மன்னார்ப் பட்டணத்தில், பிள்ளைகளின் பராமரிப்பைப் பார்க்கும் கந்தோர் ஒன்றில் வெளிக்கள உத்தியோகத்தராக இருந்தேன். எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குக் கெடுதல் செய்தது குண்டும் ஷெல்லும்தான் என்று வெளியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவை செய்த கெடுதல் கொஞ்சமில்லை. ஆனால் வீட்டுக்குள்ளேயும் பிள்ளைகள் அடிபட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், யாரோ வீட்டில் வேலைக்கு விடப்பட்டு மறக்கப்பட்டார்கள். அதை அளப்பதுதான் எங்கள் வேலை. மாதம் முடியும்போது மேலிடத்துக்கு ஒரு எண் போகவேண்டும்: இந்த மாதம் எத்தனை பிள்ளைகளின் வதை நிரூபணமாயிற்று என்ற எண். நிரூபணம் என்பதற்கு எங்கள் கந்தோர் வைத்திருந்த அளவுகோல் விசித்திரமானது. தாயோ தகப்பனோ கையெழுத்திட்டு முறைப்பாடு தரவேண்டும்; விசாரணை முடியும்வரை அதில் நிற்கவேண்டும். நடுவில் அவர்கள் பின்வாங்கிவிட்டால் நடந்தது நடக்காததாகிவிடும். பாதை மூடியிருந்ததால் நாங்கள் ஒரு ஊருக்கும் போகாத மாதங்களிலும் எண் போயிற்று; அந்த எண் சைபர், அதாவது பூச்சியம். இது வெறும் கடதாசி விவகாரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நிரூபணமான பிள்ளையை மட்டுமே விடுதியில் வைத்திருக்க அனுமதி. மற்றப் பிள்ளையை எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த விடுதியை நடத்தியவர்தான் சிஸ்டர். பட்டணத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கன்னியர் மடம் ஒன்று வைத்திருந்த சின்ன விடுதி. அதற்கு வருமுன் யாழ்ப்பாணத்தில் கணக்கு ரீச்சராக இருந்தவர். உயரமான மனுசி, அதற்கேற்ற குரல். செபம் சொல்லும்போதும் பின்வரிசைக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல்தான் சொல்லுவார். துறவிக்குரிய சாந்தம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அது அவருக்குப் பக்கத்தாலும் போகவில்லை. மாங்காயை உப்பும் தூளும் போட்டுச் சின்னப் பிள்ளைகளோடு அடிபட்டுத் தின்பார். சுவாமிமாரையும் ஏசுவார், ஆமிக்காரரையும் ஏசுவார், என்னை ஏசுவதற்கு ஒரு காரணமும் தேடமாட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் ‘கவண்மேந்து’. அரசாங்கச் சம்பளம் வாங்கியது அந்தத் தெருவில் நான் ஒருத்திதான் என்பதுபோல, விடுதிக் கேற்றில் என் சைக்கிளைக் கண்டதும் “வா கவண்மேந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேச்சு வாங்கு” என்பார். நானும் சும்மா இருப்பவள் இல்லை. இரண்டு பேருக்கும் நடந்த வாக்குவாதத்தில் விடுதிப் பிள்ளைகள் படிப்பை விட்டுவிட்டு யன்னலில் நின்று பார்த்ததுண்டு. ஆனால் ஒரு பிள்ளையின் விஷயம் வந்துவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம்.

அந்தப் பிள்ளை வந்த விதத்தைச் சொல்லவேண்டும். பேசாலைப் பக்கத்துக் கரையூர் ஒன்றிலிருந்து மினிபஸ்ஸில் தனியாக ஏறியிருக்கிறாள். ஊரின் பெயர் வேண்டாம். சொன்னால் ஒரு பாவமும் செய்யாத பேரப்பிள்ளைகள் இன்றைக்குத் தலைகுனிய வேண்டிவரும். பட்டணத்துக்குள் நுழையுமுன் சோதனைச்சாவடியில் எல்லோரும் இறங்கி நடக்கவேண்டும்; பெண்களுக்குத் தனியாக ஓலைத் தட்டி மறைப்புக்குள் சோதனை. அங்கே ஒரு ஆமிப் பெண், வழக்கம்போலக் கையைத் தடவிப் பார்த்தபோது பிள்ளை துடித்திருக்கிறாள். சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தால் முழங்கைக்கு மேலே கொப்புளம் உடைந்து சீழ் வைத்த புண். “அனே” என்று சிங்களத்தில் பதறி அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாளாம். பாஷை தெரியாத அவள்தான், யாருடைய பிள்ளை என்று பஸ்காரரை அரட்டிக் கேட்டு, ஒருவரும் பதில் சொல்லாததால், பக்கத்திலிருந்த சிஸ்டரின் விடுதிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவள். சிஸ்டர்தான் இதை என்னிடம் சொன்னார். “புண் ஒரு கிழமைப் புண். பள்ளிக்கூடம் பாக்கேல்ல, பக்கத்து வீடு பாக்கேல்ல, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்திருக்கிறாள், அங்கயும் ஒருத்தரும் பாக்கேல்ல. துவக்கோட நிக்கிறவள் பாத்திருக்கிறாள்.” நானும் அந்தக் கரையைச் சேர்ந்தவள்தான்.

பிள்ளைக்குப் பத்து வயது. மலைநாட்டிலிருந்து ஒரு கலவரத்தில் இறங்கி வந்து, பெருநிலப் பக்கம் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். யுத்தம் அங்கிருந்தும் கிளப்பி மன்னார்த் தீவில் ஒரு அகதி முகாமுக்குள் தள்ளியது. தாய் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். தகப்பன் ஒரு சம்மாட்டியாரின் வாடியில், அதாவது கரையோரக் கொட்டிலில், கருவாடு காயப்போடும் கூலி. சம்மாட்டியார் என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்பவர். அந்த வீட்டில் பிள்ளையைப் ‘பார்த்துக்கொள்வார்கள்’ என்று தகப்பன் விட்டிருந்தான். பார்த்துக்கொண்டார்கள்தான். விடிய எழும்பி முற்றம் கூட்டவும், தண்ணி அள்ளவும், சம்மாட்டியாரின் கைக்குழந்தையைத் தூக்கித் திரியவும் ஆள் வேண்டியிருந்தது. ஒருநாள் குழந்தையின் பால்மாத் தகரப் பேணிக்குள் கரண்டியை விட்டு ஒரு வாய் அள்ளித் தின்றுவிட்டாள். பால்மா தட்டுப்பாடான காலம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அந்தக் கரண்டியையே அடுப்பில் வைத்தார்களே, அதை எந்தக் காலத்தோடு சேர்த்துப் புரிந்துகொள்வது? பிறகு ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்டபோது, சம்மாட்டியாரின் மனைவியான அந்த அம்மா பால்மாவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன்.

தகப்பனைக் கூப்பிட்டோம். மெலிந்த மனிதன், கையில் உப்புக் கீறல்கள். மகளின் புண்ணைப் பார்த்துவிட்டு விடுதித் தூணில் தலையை முட்டிக்கொண்டு அழுதான். முறைப்பாட்டை நான் வாசித்துக் காட்டக் கையெழுத்துப் போட்டான். இனி விசாரணை, நிரூபணம், பிள்ளை விடுதியில் என்று நான் ஆறுதலாக மூச்சு விட்டேன். அந்த மாவட்டத்திலிருந்து அந்த வருடம் போகவிருந்த முதல் எண் அது. எண்ணுக்காக நான் மகிழவில்லை. அந்த எண் இல்லாவிட்டால் பிள்ளை திரும்பவும் அந்த அடுப்படிக்குப் போகவேண்டும் என்பதால் எனக்கு அது வேண்டியிருந்தது.

அதற்குள் ஊர் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலையை அறுத்தான், எல்லைவேலியைத் தள்ளினான், பெண் கேட்டு அவமதித்தான் என்று இரண்டு வீட்டுக்கு இடையில் பகை மூண்டால், பொலிசுக்குப் போகமாட்டார்கள். கோயில் மூப்பர் இரண்டு பக்கத்தையும் பேசி எடுப்பார். ஞாயிறு பூசை முடிய, பிழை செய்தவர் பீடத்தின் முன் நின்று தன் பிழையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மற்றவர் மன்னித்தேன் என்று சொல்லவேண்டும். அன்று மத்தியானம் மன்னித்தவர் பிழை செய்தவரின் வீட்டுக்குப் போய்க் கை நனைக்கவேண்டும், அதாவது அங்கே சாப்பிடவேண்டும். சாப்பிட்டுவிட்டால் அதோடு சரி. பிறகு அந்தப் பேச்சை எடுப்பவர்தான் குற்றவாளி. நல்ல வழக்கம்தான், நான் பழிக்கமாட்டேன். எத்தனை வெட்டுக்குத்தை அது தடுத்திருக்கிறது. ஒரே உயரத்தில் நிற்கிற இரண்டு பெரியவர்களுக்கு இடையில் அது நியாயம். அதைக் கொண்டுபோய், வேலைக்காரப் பிள்ளைக்கும் அவளைச் சுட்ட எசமானிக்கும் இடையில் வைத்தார்கள் பாருங்கள், அங்கேதான் அந்த ஊர் கண் கெட்டுப் போயிற்று. அவர்கள் கெட்ட மனிதர்கள் இல்லை. சம்மாட்டியார் வீட்டையே பீடத்தின் முன் நிறுத்தினோம், இதற்கு மேல் ஒரு ஏழைப் பிள்ளைக்கு என்ன கௌரவம் வேண்டும் என்று மனதார நம்பினார்கள். மூப்பர் என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரும் நானும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனோம். தகப்பனின் சொல்லுக்காகப் போனோம். மன்னிப்புக் கேட்பதை மட்டும் பிள்ளை காது குளிரக் கேட்கட்டும் என்று சிஸ்டரும் நினைத்தார். நான் முதலில் சொன்ன அந்த வார்த்தைகளை அம்மா ஒலிவாங்கியில் சொல்லி முடித்தார். அழுதுகொண்டுதான் சொன்னார், அது பொய் அழுகை என்றும் நான் சொல்லமாட்டேன். பிறகு ஒரு புதுச் சட்டையைப் பிள்ளையின் கையில் வைத்தார்கள். மூப்பர் ஒலிவாங்கியைக் குனிந்து அவள் வாயருகே பிடித்து, மன்னித்துவிட்டேன் என்று சொல்லு பிள்ளை என்றார். அவள் சொல்லவில்லை. கோயில் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். அவள் உதட்டை மடித்துக்கொண்டு நிலத்தையே பார்த்தாள். அந்த வாய் திறக்காத நேரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை வரும். கடைசியில் ஒலிவாங்கி தகப்பனிடம் போயிற்று. அவன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “மன்னிச்சிட்டோங்க” என்றான். ஊர் கை தட்டியது.

வெளியே வந்ததும் மூப்பர் சிரித்த முகத்தோடு, சம்மாட்டியார் வீட்டில் சாப்பாடு ஆயத்தம், பிள்ளை அங்கே கை நனைத்துவிட்டு அப்படியே நிற்கட்டும், பகை இல்லை என்று ஊர் அறியவேண்டும் அல்லவா என்றார். அப்படியே நிற்கட்டும். அவ்வளவு இலேசாகச் சொன்னார். பிள்ளை சிஸ்டரின் உடுப்பைப் பின்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் தகப்பனைப் பார்த்து, “சுடுபட்டது ஆர்? மன்னிச்சது ஆர்?” என்று கேட்டார். அந்த மனிதன் கோபிக்கவில்லை. “சிஸ்டர், நாங்க அவுங்க வாடியிலதான் கெடக்குறோம். நா மன்னிக்கலைனு சொன்னா, பொழுது சாய நா எங்க போவேன்?” என்றான். சிஸ்டர் மூப்பரிடம் திரும்பி, “உங்கட சமாதானம் பெரிய ஆக்களுக்கு. பிள்ளை என்னோட வாறா,” என்று சொல்லிவிட்டு, புதுச் சட்டையை வாங்கிச் சம்மாட்டியாரின் கையிலேயே வைத்துவிட்டு நடந்தார். கோயில் வளவைத் தாண்டும்வரை முணுமுணுப்பு எங்கள் முதுகில் விழுந்தது. கன்னியாஸ்திரியே பீடத்தின் சமாதானத்தைக் குழப்பினார் என்று அந்த ஊரில் இன்றைக்கும் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

திங்கட்கிழமை தகப்பன் எங்கள் கந்தோருக்கு வந்து முறைப்பாட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டான். கூட மூப்பரும் வந்திருந்தார். எங்கள் மேலதிகாரி அவர்களுக்குக் கதிரை போட்டு உபசரித்தார். அவரைப் பற்றியும் சொல்லவேண்டும். வேறு மாவட்டத்துக்காரர், கை சுத்தமானவர், ஒருவரோடும் அதிர்ந்து பேசமாட்டார். மாத முடிவில் மேலிடத்துக்குப் போகும் அறிக்கை அடித்தல் திருத்தல் இல்லாமல் போகவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய வாழ்க்கை இலட்சியம். கெட்டவனோடு சண்டை பிடிக்கலாம். இப்படியான நல்லவரோடு என்ன செய்வது? அம்மா தன் வாயால் சொன்னதை ஊரே கேட்டது, நானும் கேட்டேன் என்று அவர் மேசைக்கு முன் நின்று கத்தினேன். அவர் பொறுமையாக, “கோயில்ல சொன்னது கோயிலோட, பிள்ளை. முறைப்பாட்டுக்காரன் இல்லாமல் முறைப்பாடு ஏது?” என்றார். நான் அந்த அறிக்கையில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். வேண்டாம் என்று தானே வைத்தார். ‘நிரூபணமாகவில்லை, பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்கவும்.’ ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. குற்றவாளி ஒத்துக்கொண்டதே வழக்கு இல்லாமல் போவதற்குக் காரணமாகிவிட்டது. அந்த அம்மா மறுத்திருந்தால் சமாதானம் நடந்திராது, தகப்பன் பின்வாங்கியிரான், பிள்ளையின் வதை நிரூபணமாகியிருக்கும். இப்படி ஒரு கேவலமான கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஒப்படைக்கும் கட்டளை விடுதிக்குப் போன அன்றே சிஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். நான் சண்டையை எதிர்பார்த்தேன். அவர் வகுப்பில் நிற்பதுபோல நின்றார். இந்த வருடம் எங்கள் எண் என்ன என்று மேலதிகாரியிடம் கேட்டார். ஒரு மாதமும் ஒன்றும் இல்லை, எல்லாம் சைபர், எங்கள் மாவட்டம்தான் நல்ல பெயர் என்று அவர் கொஞ்சம் பெருமையோடே சொன்னார். சிஸ்டரின் முகம் சிவந்தது. “சைபர் எண்டால், எண்ணிப் பாத்தனாங்கள், ஒண்டும் இல்லை எண்டு அர்த்தம். நீங்கள் எண்ணவேயில்லை. எண்ணாத இடத்தை வெறுமையா விடுங்கோ.” மேலதிகாரி சங்கடப்பட்டார். வெறுமையாக விட்டால் மேலிடம் திருப்பி அனுப்பும், விளக்கம் கேட்கும் என்றார். “கேக்கட்டும். கேட்டால்தானே சொல்லலாம்,” என்றார் சிஸ்டர். அந்தக் கந்தோரில் நான் கேட்ட ஒரே புத்தியான பேச்சு அது. மேலதிகாரி கோப்பை மூடிக்கொண்டு, பிள்ளையை வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைத்துவிடுங்கோ சிஸ்டர் என்று மட்டும் சொன்னார். “நான் தரமாட்டன்,” என்று சொல்லிவிட்டு சிஸ்டர் சைக்கிளை எடுத்தார். சொன்னபடியே தரவும் இல்லை.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அவருக்கு விழுந்த தண்டனை. அந்தப் பிள்ளைக்கு அரசாங்கப் படி வரவில்லை. விடுதிச் சோற்றில் எல்லோரும் ஒரு பிடி குறைத்துக்கொண்டார்கள். சட்டத்துக்கு மாறாகப் பிள்ளையை வைத்திருக்கிறார் என்று அவருடைய மடத்து மேலாளர்களுக்கு முறைப்பாடு போயிற்று. கையெழுத்துடன் வந்த பிள்ளையின் முறைப்பாடு செல்லாது. கையெழுத்தில்லாமல் வந்த இந்த முறைப்பாடு மட்டும் உடனே செல்லுபடியாயிற்று. அடுத்த வருடம் அவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். போகுமுன், பிள்ளை பெரியவளாகும்வரை விடுதியை விட்டு அனுப்புவதில்லை என்று பின்னால் வந்த சிஸ்டரிடம் பைபிளில் கை வைத்து வாக்கு வாங்கிக்கொண்டார். அந்த வாக்கு காப்பாற்றப்பட்டது. ஆனால் சம்மாட்டியார் வீட்டில் முற்றம் கூட்ட ஆள் இல்லாமல் போகவில்லை. சில மாதத்தில் அதே முகாமிலிருந்து வேறொரு பிள்ளை, இன்னும் சிறியவள், அங்கே தண்ணி அள்ளிக்கொண்டிருந்ததை என் கண்ணால் கண்டேன். தடுக்க ஏலாது. அந்த வீட்டின்மேல் நிரூபணமான குற்றம் ஒன்றும் இல்லையே.

சிஸ்டர் யாழ்ப்பாணத்தில், முதியோர் மடத்தில் இறந்துபோனார். கடைசியாகப் போய்ப் பார்த்தபோது ஞாபகம் தட்டுத்தடுமாறியது. என் பெயர் வரவில்லை. ஆனால் கையைப் பிடித்துக்கொண்டு, “கவண்மேந்து, அவள் சாப்பிடுறாளோ?” என்று கேட்டார். சாப்பிடுகிறாள் சிஸ்டர், அவளே இரண்டு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறாள் என்றேன். திருப்தியாகத் தலையை ஆட்டினார். நான் வெளியே வந்து மதிலோரத்தில் நின்று நன்றாக அழுதேன்.

இந்தக் கதையை இத்தனை நாள் எழுதாமல் இருந்த நான் இப்போது எழுதக் காரணம், அண்மையில் பட்டணத்தில் நடந்த ஒரு கருத்தரங்கு. ஓய்வுபெற்றவர்கள் என்று எங்களில் சிலரையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்தினார்கள். கெட்டிக்கார இளம் விரிவுரையாளர் ஒருவர் திரையில் வருடா வருடம் நிரூபணமான பிள்ளை வதைகளை ஒரு கோடாகக் காட்டினார். யுத்த வருடங்களில் அந்தக் கோடு நிலத்தோடு நிலமாகப் படுத்துக் கிடந்தது. யுத்தம் முடிந்ததும் எழும்பி மேலே மேலே போயிற்று. அந்தக் காலத்தில் சமூகக் கட்டுப்பாடு இருந்தது, பிள்ளைகள் பாதுகாப்பாக இருந்தார்கள், இப்போதுதான் போனும் சினிமாவும் வந்து எல்லாம் சீரழிந்துவிட்டது என்று அவர் விளக்கம் சொன்னார். மண்டபம் ஆமோதித்துத் தலையாட்டியது. நான் எழுந்து நின்று, அந்தப் படுத்துக் கிடக்கிற கோடு எங்கள் கந்தோரில் போட்ட சைபர்கள், அதற்குள் எத்தனை பிள்ளைகள் அழுதார்கள் என்று உமக்குத் தெரியுமா தம்பி என்று கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். “உங்கட அனுபவத்தை மதிக்கிறம் அம்மா. ஆனா ஆய்வுக்குப் பதிவு வேணும்.” தேநீருக்குக் கலைந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர், இரத்த அழுத்தக் குளிசை போட்டீர்களா என்று கேட்டார்.

அன்று பின்னேரமே, அன்றைய அந்தப் பிள்ளைக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் முருங்கன் பக்கம் முன்பள்ளி ஆசிரியை. அந்த நாளில் வாய் திறக்காதவள் இப்போது ஒரு கூட்டம் சின்னப் பிள்ளைகளுக்கு ஓயாமல் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். கோட்டைப் பற்றிச் சொன்னேன். “அப்ப எனக்கு நடந்தது பொய்யா மிஸ்?” என்றாள். நான் சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லே எனக்குக் கசந்தது. அவளே தொடர்ந்தாள். “அப்பாதான் வாபஸ் வாங்குனாரு. நா வாங்கலையே. பதிஞ்சிட்டு வருவோம், வாங்க.” தகப்பன் இறந்து வருடங்களாகிவிட்டன. சம்மாட்டியார் வீட்டு அம்மாவும் இல்லை. யாரையும் சிறைக்கு அனுப்ப அவள் கேட்கவில்லை. நடந்தது நடந்ததென்று அந்தக் கணக்கில் ஓரிடத்தில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

போனோம். இப்போது அழகான கட்டிடம், குளிரூட்டி, கண்ணாடிக் கதவு. பிள்ளைகளின் முறைப்பாட்டைப் பதியும் மேசையில் இளம் உத்தியோகத்தர் ஒருத்தி. அவளைக் குறை சொல்லமாட்டேன். எழுந்து நின்று எங்களுக்குக் கதிரை தந்தாள். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டாள். கரண்டி வந்த இடத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. நான் இருந்த காலத்தில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் என்றுகூட நினைத்தேன். பிறகு கணினிப் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் தயங்கினாள். முறைப்பாடு இன்றைக்குப் பதிவதால் இந்த வருடத்துக் கணக்கில்தான் விழும் என்றாள். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த வருடத்துச் சைபர் அப்படியே பத்திரமாகக் கிடக்கும்; இந்த வருடத்துக் கோடு இன்னும் கொஞ்சம் மேலே போகும்; காலம் கெட்டுவிட்டது என்பதற்கு அந்தத் தம்பிக்கு இன்னொரு ஆதாரம் கிடைக்கும். சரி, விழட்டும், பதியும் என்றேன்.

அவள் மறுபடி தட்டினாள். பிறந்த திகதியைக் கேட்டாள்; சொன்னோம். திரையில் சிவப்பாக ஏதோ வந்தது. இன்னொரு தரம் போட்டுப் பார்த்தாள். திரும்பவும் சிவப்பு. உத்தியோகத்தர் கையை மேசையில் வைத்துக்கொண்டு, சொல்லவே கூசியவளாக, “பதினெட்டுக்கு மேல எண்டால் இது எடுக்குதில்லை அக்கா. பிள்ளை எண்டு பதிய விடாது,” என்றாள்.

நான் வெடிக்கப் போனேன். என் கையை மெல்ல அழுத்தி, என்னோடு வந்தவள் என்னை நிறுத்தினாள். கதிரையை முன்னால் இழுத்து, ஒலிவாங்கியில் சொல்லச் சொன்னபோது நிலத்தைப் பார்த்த அவள், இப்போது அந்தத் திரையை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

“அப்ப எனக்குப் பத்து வயசுங்க.”